குந்திப் போட்ட பந்து

டேபிள் டென்னிஸ் பந்தைப் பார்த்தால் பரம சாது. எடை 2.7 கிராம்தான், பலமாக ஊதினால் பறந்துவிடும். ஆனால், உலகப் புகழ் பெற்ற வீராங்கனை ஒருவர் போடும் 'சர்வீஸை' நீங்களோ நானோ திருப்பி அடிக்கப் போனால், அது வலையில் போய் விழும். இல்லாவிட்டால் மேஜையை விட்டே ஓடிவிடும். எல்லாம் சுழற்சி செய்யும் வேலை!

அவர்கள் பந்தை அடிப்பதில்லை. தீக்குச்சியைக் கிழிப்பதுபோல் மட்டையின் ரப்பரால் ஓர் உரசு, அவ்வளவுதான். அடிப்பக்கம் உரசிய பந்து எதிராளியின் மட்டையில் பட்டதும் கீழே இறங்கும். மேல்பக்கம் உரசியது எகிறும். பக்கவாட்டில் உரசினாலோ திசையே மாறும். நொடிக்கு 50 சுற்றுக்கு மேல் சுழலும் பந்துகளும் உண்டு. அதைவிடப் பொல்லாதது, சுழற்றுவதுபோல் கையை வீசிவிட்டுச் சுழற்சியே இல்லாமல் அனுப்புவது! இதற்குப் புஜபலம் எதற்கு? மணிக்கட்டும் கொஞ்சம் கபடமும் இருந்தால் போதாதா? ஆணுக்கும் பெண்ணுக்கும் பந்தும் ஒன்றுதான், விதியும் ஒன்றுதான்.

அந்த விதி லேசானதல்ல. திறந்த உள்ளங்கையிலிருந்து பந்து குறைந்தது 16 சென்டிமீட்டர் நேராக மேலே எழ வேண்டும். அதை எதிராளியின் கண்ணுக்கு மறைக்கவும் கூடாது.

சீனத்து டிங் நிங் இடது கைக்காரர். பந்தை உயர எறிவார். அது இறங்கும்போது தாமும் சட்டென்று மேஜை மட்டத்துக்குக் குந்தி, ஓர் உரசு உரசுவார். எந்தப் பக்கம் உரசினார் என்று எதிராளி யோசித்து முடிப்பதற்குள் பந்து வந்துவிடும்.

2012-ல் லண்டன் ஒலிம்பிக்கின் இறுதி ஆட்டம். எதிரே நின்றவர் அவருடைய நாட்டவரான லீ ஷியாவ்ஷியா. டிங்கின் சர்வீஸ் விதிப்படி இல்லையென்று நடுவர் தடுத்தார். ஒரு தடவை அல்ல, திரும்பத் திரும்ப! வருஷக் கணக்காகப் பழகிய வித்தையை, உலகமே பார்த்துக்கொண்டிருக்கும்போது 'செல்லாது' என்றால் மனம் என்ன பாடுபடும்? டிங்கின் கண்கள் கலங்கிவிட்டன. நாலுக்கு ஒன்று என்று தோற்றார்.

நாலு வருஷம் கழித்து, 2016-ல் ரியோ. மறுபடியும் இறுதி ஆட்டம். மறுபடியும் அதே இருவர். லீ மூன்றுக்கு இரண்டு என்று முந்திக்கொண்டார். இன்னும் ஒரே ஒரு செட் போனால் தங்கமும் போயிற்று. டிங் மிச்சமிருந்த இரண்டு செட்டையும் 11-7, 11-7 என்று ஜெயித்துவிட்டார்!

குந்துவதை மட்டும் ரியோவிலும் அவர் விடவில்லை.