ரெப்போ விகிதமும் ஒரு நோட்டுப் புத்தகமும்

நாளிதழின் வணிகப் பக்கம் முதியவர்களுக்கு ஏற்ற வாசிப்பு என்று யாரும் எளிதில் நினைப்பதில்லை. அரசியல், விபத்து, ராசிபலன், கண்ணீர் அஞ்சலி என்று ஓடும் கண்கள் அந்தப் பக்கத்தை மட்டும் தாண்டிவிடுகின்றன. ஆனால் மற்றப் பக்கங்களுக்கு இல்லாத ஒரு குணம் அதற்கு உண்டு. அது ஒரு தொடர்கதை, அதுவும் கணக்குப் போட்டுச் சரிபார்க்கக்கூடிய தொடர்கதை. ரிசர்வ் வங்கியின் ஆறு பேர் கொண்ட பணக்கொள்கைக் குழு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது. சில்லறைப் பணவீக்கக் கணக்கு மாதந்தோறும் 12-ஆம் தேதியையொட்டி வெளியாகிறது. அஞ்சலகச் சேமிப்புகளின் வட்டியை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு அறிவிக்கிறது. ஓய்வு பெற்றவருக்குச் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் வேறுபாடு மங்கிப்போகும். எதிர்பார்த்துக் காத்திருக்க ஒரு தேதி இருப்பதே அவருக்குப் பெரிய விஷயம்.

ஒரு செய்தியை எடுத்துப் பார்க்கலாம். 2025 தொடக்கத்தில் 6.50 விழுக்காடாக இருந்த ரெப்போ விகிதம், நான்கு முறை குறைக்கப்பட்டு அந்த ஆண்டு டிசம்பரில் 5.25-க்கு வந்தது. வங்கிகள் ரிசர்வ் வங்கியிடம் வாங்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டி இது. படித்துவிட்டு மடித்து வைத்தால் இரண்டு வரிச் செய்தி. பென்சிலை எடுத்தால் அரை மணி நேர வேலை. இதையொட்டி வங்கிகளும் வட்டியைக் குறைக்க, பத்து லட்சம் ரூபாய் வைப்புத்தொகைக்கு வட்டி 7.5-லிருந்து 6.5 விழுக்காடாகக் குறைந்தால் ஆண்டுக்குப் பத்தாயிரம், அதாவது மாதம் 833 ரூபாய் துண்டு விழும். அதே வீட்டில் மகன் கட்டும் வீட்டுக் கடன் தவணையோ இதே முடிவால் இறங்கும். ஒரு செய்தி ஒரே கூரையின் கீழ் ஒருவருக்கு நட்டம், இன்னொருவருக்கு லாபம். இதற்கிடையே 2023 ஏப்ரலில் 8.2 விழுக்காடாக உயர்ந்த மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2025 முழுவதும் அசையவில்லை. உச்ச வரம்பான 30 லட்சத்தைப் போட்டவருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் வந்துகொண்டே இருக்கும். அது ஏன் குறையவில்லை, போட்ட பணத்துக்கு ஐந்தாண்டும் அதே வட்டிதானா என்று கேள்விகள் கிளைக்கின்றன. இப்படிக் கிளைப்பதுதான் மூளைக்கு வேலை.

உளவியலாளர் ரேமண்ட் கேட்டல் மனிதரின் அறிவுத்திறனை இரண்டாகப் பிரித்தார். முன்பின் பார்த்திராத சிக்கலை அந்த இடத்திலேயே அவிழ்க்கும் வேகம் ஒன்று. ஆண்டுக்கணக்கில் சேர்ந்த சொல், அனுபவம், உலக நடப்பு இன்னொன்று. முதலாவது இளமையிலேயே உச்சத்தைத் தொட்டு மெல்லச் சரிகிறது. இரண்டாவது அறுபதைத் தாண்டியும் நிற்கிறது. புதுச் செயலியைக் கற்கச் சொல்லும்போது முதியவர் தளர்ந்து போவதும், பழைய விலைவாசியைப் பற்றிக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவதும் இதனால்தான். வணிகச் செய்தி இந்த இரண்டாவது கிடங்கிலிருந்து சரக்கை எடுக்கச் சொல்கிறது.

அங்கே அவர் வாசகர் மட்டுமல்லர், சாட்சியும்கூட. 1969 ஜூலையில் 14 வங்கிகள் நாட்டுடைமையானபோது அவர் கல்லூரியில் இருந்திருக்கலாம். 1991-இல் நாட்டின் தங்கம் வெளிநாட்டுக்கு அடகு போனதையும், அதே ஆண்டு ஜூலையில் மன்மோகன் சிங் பட்ஜெட் படித்ததையும் அவர் செய்தியாகக் கேட்டவர். தமிழ்நாட்டுக்காரருக்கு இன்னொரு தழும்பும் உண்டு. 1990-களில் தெருவுக்குத் தெரு முளைத்த பைனான்ஸ் கம்பெனிகள் வங்கியில் கிடைக்காத வட்டியைக் காட்டிப் பணம் வாங்கி, பிறகு வரிசையாக ஷட்டரை இறக்கின. வைப்பீட்டாளர்களைக் காக்க 1997-இல் தனிச் சட்டமே வந்தது. நாளிதழ்கள் இன்றும் ‘டான்பிட்’ என்று எழுதுவது அதைத்தான். அந்தக் காலத்தைக் கடந்து வந்தவர் இன்றைய மோசடி நிறுவனம் பற்றிய செய்தியைப் படிக்கும்போது, இளைஞருக்குத் தெரியாத ஒன்று அவருக்கு முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும்.

வாசிப்புக்கும் மறதி நோய்க்கும் உள்ள தொடர்பு பற்றி ஆய்வுகள் சொல்வதை அளந்தே சொல்ல வேண்டும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைத் தாண்டிய 469 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2003-இல் வெளியானது. வாசிப்பு, பலகை விளையாட்டு, இசைக்கருவி வாசித்தல், நடனம் ஆகியவற்றில் ஈடுபட்டவர்களிடம் மறதி நோய் குறைவாகக் காணப்பட்டது. மூளையில் நோயின் தடயங்கள் இருந்தும் சிலர் தெளிவாக நடமாடுவதைக் ‘கையிருப்பு’ என்ற கருத்தால் விளக்கியவர் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் யாகோவ் ஸ்டெர்ன். வாழ்நாள் முழுதும் மூளைக்குக் கொடுத்த வேலை ஒரு சேமிப்புபோல உதவுகிறது என்பது அதன் சாரம். ஆனால் இதைத் திருப்பியும் படிக்கலாம். நோய் உள்ளே தொடங்கியவர்கள் தாமாகவே வாசிப்பைக் கைவிடுவதும் உண்டு. ஆகவே வணிகப் பக்கம் மறதிக்கு மருந்து என்று யாராவது சொன்னால், அதையும் ஒரு பங்குச்சந்தை ‘டிப்ஸ்’ போலவே சந்தேகிக்கலாம்.

இந்தப் பக்கம் ஆண்களுக்குரியது என்ற எண்ணம் வீடுகளில் வேரூன்றி இருக்கிறது. இது அபத்தம். பல குடும்பங்களில் ஐம்பது ஆண்டுகளாக வரவு செலவைத் தாங்கியவர் பாட்டிதான். சீட்டுக் கட்டியதும், சவரன் விலை பார்த்து நகை சேர்த்ததும் அவர்தான். 2022 ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்தியது. சூரியகாந்தி எண்ணெய்க்கு உக்ரைன் போரால் ஏற்கெனவே தட்டுப்பாடு. எண்ணெய் விலை எகிறியதை அடுப்படியில் முதலில் உணர்ந்தவருக்கு இந்த இரண்டு நாடுகளையும் உலகப் படத்தில் தேடிப் பார்க்க ஆர்வம் வராதா? 2024 ஜூலை பட்ஜெட்டில் தங்கத்தின் இறக்குமதி வரி 15-லிருந்து 6 விழுக்காடானதும் அன்றே சவரன் விலை இறங்கியது. அதற்குக் காரணம் சொல்ல அவருக்கு ஆசிரியர் வேண்டியதில்லை.

தொடங்கும் முறை பெரிதல்ல, ஆனால் முதலில் கண்ணைப் பார்க்க வேண்டும். அறுபது வயதில் விழித்திரையை அடையும் ஒளி, இருபது வயதில் அடைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். புரியவில்லை என்று முதியவர் நாளிதழைத் தள்ளிவைக்கும்போது, உண்மையில் எழுத்துக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். கண்புரைச் சோதனையும், தோளுக்குப் பின்னாலிருந்து விழும் நல்ல விளக்கும் பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். காது மந்தமானவர்களுக்கு வாசிப்பு இன்னும் முக்கியம், ஏனெனில் அரட்டையிலிருந்து அவர்கள் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்கள். லான்செட் ஆணையம் 2024-இல் பட்டியலிட்ட, மறதி நோய்க்கான மாற்றக்கூடிய 14 காரணிகளில் செவிக்குறை, பார்வைக்குறை, தனிமை மூன்றும் இருக்கின்றன.

அடுத்து ஒரு நீள நோட்டு. தேதி, சவரன் விலை, நிஃப்டி பங்குக் குறியீடு, ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய், ஒரு கிலோ வெங்காயம் என ஐந்து கட்டம் போதும். ஓரத்தில் அடுத்த மாதத்துக்கான ஊகம் ஒன்றைப் பென்சிலில் எழுதி, நாள் வந்ததும் சரியா தப்பா என்று குறிக்கலாம். வணிகத் தொலைக்காட்சி இதற்கு மாற்றாகாது. அடியில் ஓடும் எண்கள் நிற்பதில்லை, திரும்பிப் படிக்கவும் வழியில்லை.

வீட்டார் செய்ய வேண்டியது கேள்வி கேட்பது. “பேப்பர் படிச்சீங்களாப்பா?” என்பது கேள்வியில்லை, வருகைப் பதிவு. “வட்டியைக் குறைச்சா தங்கம் ஏன்ப்பா ஏறுது?” என்று உண்மையாகவே தெரியாமல் கேட்டால், சாப்பாட்டு நேரம் முழுக்க அதிலேயே ஓடும். தேர்வு வைப்பதுபோலக் கேட்டால் மட்டும் அவர் அடுத்த நாள் வாயைத் திறக்க மாட்டார்.

வாசிப்பையும் வாங்கி விற்பதையும் ஒன்றாக்கக் கூடாது. முன்பேர வணிகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 விழுக்காட்டினர் மூன்று ஆண்டுகளில் நட்டமடைந்ததாகப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 செப்டம்பரில் அறிவித்தது. சந்தை கடுமையாகச் சரியும் நாள்களில் கலிஃபோர்னியாவில் மனநலக் காரணங்களுக்காக மருத்துவமனைக்கு வருவோர் கூடியதை எங்கல்பர்க், பார்சன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள். சந்தை விழும் செய்தி தூக்கத்தைக் கெடுத்தால் பங்குச் செய்தியை விட்டு விலைவாசி, விவசாயம், தொழில் வரலாறு பக்கம் போகலாம். ‘டிஜிட்டல் கைது’ என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கும்பல்களைப் பற்றிய செய்தியையும், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அந்த நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதி வைப்பது நல்லது.

பணக் கணக்கு தடுமாறுவது மறதி நோயின் முன்னறிகுறிகளில் ஒன்று. நோய் கண்டறியப்படுவதற்கு ஆறு ஆண்டுகள் முன்பே சிலர் தவணைகளைத் தவறவிடத் தொடங்கியதை 2020-இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. நேற்றுவரை வட்டியை மனக்கணக்காகச் சொன்னவர் இன்று திணறினால், மின்கட்டணத்தை இருமுறை கட்டினால், மருத்துவரிடம் போக வேண்டும். பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு ஆகியவையும் இதே வேடத்தில் வரும், அவற்றுக்குச் சிகிச்சை உண்டு. “எப்போதிலிருந்து?” என்று மருத்துவர் கேட்கும்போது குடும்பத்தார் பெரும்பாலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தேதி போட்ட அந்த நோட்டு இருந்தால், மூன்று ஆண்டுக்கு முந்தைய கூட்டலையும் கையெழுத்தையும் போன வாரத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.