மந்தனென்று சொல்லலாமா?

பதுளையிலே, பசறை வீதியில், 2005-ம் ஆண்டு முதல் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இயங்கி வருகின்றது. லயத்துக் காம்பராவிலிருந்து அங்கே செல்லும் பிள்ளையைத் தோட்டமே தன் பிள்ளையாகக் கொண்டாடும். அதே பிள்ளை முதற் பரீட்சையிலே தவறிவிட்டால், "சோம்பேறி" என்று ஏசவும் அத்தோட்டமே முந்திக்கொள்ளும்.

அது எப்பொழுதும் சோம்பலன்று. கணக்கிலே வல்லவனாயிருந்தும் வாசிக்க மட்டும் இயலாத 14 வயதுச் சிறுவனொருவனைப் பற்றிப் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில வைத்தியர் 1896-ம் ஆண்டிலேயே எழுதினார். இன்று அதனை டிஸ்லெக்சியா என்பர். கவனம் சிதறுதல், ஆட்டிசம் ஆகியனவும் மூளை இயங்கும் விதத்திலுள்ள வேற்றுமைகளே.

நம் பிள்ளைகளுக்கோ இன்னொரு சங்கடமும் உண்டு. தமிழில் படித்தவன் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கிறான். "ஆங்கிலம் வராமையால் தடுமாறுகிறான்" என்று எல்லோரும் எண்ணிவிட, மெய்க்காரணம் மறைந்தே போகின்றது.

உடற்குறை, உளக்குறை காரணமாகக் கல்வி நிலையங்களில் அனுமதி மறுக்கலாகாது என்கிறது 1996-ம் ஆண்டின் 28-ம் இலக்கச் சட்டம். உள்ளே சென்றபின் அவனருகில் யார் அமர்வர் என்பதற்குச் சட்டமில்லை. சிற்றுண்டிச்சாலையின் இரைச்சலைத் தாங்காதவனைக் கர்வியென்று ஒதுக்குவோர் பலர். கூட்டத்திற்கு இழுக்காமல், ஒரே தோழன் நாள்தோறும் ஒரே நேரத்தில் உடனிருந்து படித்தால் போதும். நெடிய பாடத்தைச் சிறு கூறுகளாக்கி உரக்க வாசித்துக் காட்டலாம். விரிவுரையை ஒலிப்பதிவு செய்யவும், பரீட்சையிலே கூடுதல் நேரம் பெறவும் இயலுமா என்று மாணவ ஆலோசகரிடம் கேட்பதில் வெட்கமென்ன?

பதுளைப் பெரியாஸ்பத்திரியில் மனநல மருத்துவப் பிரிவும் உண்டு. பைத்தியமென்று ஊர் பேசுமே என அஞ்சாமல், தாய்மார் ஒருமுறை உடன் சென்று வரலாம்.