எஞ்சின் வால்வுகளின் அதிர்வைக் குறைத்தல்

நெற்பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது நீரிறைக்கும் எஞ்சின் பழுதுற்றால், கதிர்கள் பதராகும். இத்தகைய பழுதுகளுட் சில, பல நாட்களுக்கு முன்னரே எஞ்சினின் தலைப்பகுதியில் "டக், டக்" என்னும் ஓசையாகத் தோன்றும். அவ்வோசையைக் கேட்டவுடன் காரணமறிந்து திருத்துதல் வேண்டும்.

வால்வு இயங்கும் விதம்

நான்கடிப்பு எஞ்சினில் காற்று உட்செல்ல ஒரு வால்வும் புகை வெளியேற ஒரு வால்வும் உள. சுழலும் கேம் தள்ளுகோலை உயர்த்த, அது ரொக்கரின் ஒரு முனையை உயர்த்தும்; மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். சுருள்வில் அதனை மீண்டும் மூடும். நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு வால்வும் நிமிடத்துக்கு 1,500 முறை திறந்து மூடுகின்றது.

அதிர்வின் காரணங்கள்

சூட்டினால் வால்வுத் தண்டு நீளுமாதலின், ரொக்கருக்கும் வால்வுக்குமிடையே சிறு இடைவெளி விடப்படுகின்றது. தேய்வினால் இது கூடினால் ரொக்கர் வால்வைச் சம்மட்டிபோல் அடிக்கும். எஞ்சினின் வலுவும் குறையும். ஆயினும், ஓசையை அடக்குதற்காக இடைவெளியை அளவு மீறிக் குறைத்தல் அதனினும் கேடாகும். வால்வு முற்றாக மூடாது. வெப்பப் புகை கசிந்து அதன் விளிம்பை எரித்துவிடும்.

சுருள்வில் தளர்ந்தாலும், எஞ்சினை மிகுவேகத்தில் ஓட்டினாலும், வால்வு கேமைப் பின்தொடர இயலாது துள்ளும்.

செய்யவேண்டியவை

1. எஞ்சின் நன்கு ஆறியபின் வால்வு மூடியைக் கழற்றுக. பெற்றோல் எஞ்சினாயின் பிளக் கம்பியையும் கழற்றிவிடுக.

2. சில்லைக் கையாற் சுழற்றி, அமுக்க அடிப்பின் முடிவில் பிஸ்டனை உச்சியில் நிறுத்துக. அப்போது இரு வால்வுகளும் மூடியிருக்கும்.

3. பீலர் கேஜின் உரிய தகட்டை இடைவெளியிற் செருகுக. சிறு தடையுடன் அது இழுபடுமாயின் அளவு சரியாகும்.

4. அளவு பிழையாயின் பூட்டு நட்டைத் தளர்த்தித் திருகாணியைத் திருப்புக. திருகாணியை அசையாது பிடித்தவாறே நட்டை இறுக்கி, மீண்டும் அளந்து பார்க்க.

சரியான அளவு எஞ்சினுடன் வந்த கைந்நூலிற் காணப்படும். சிறு எஞ்சின்கள் பலவற்றில் அது 0.15 முதல் 0.20 மில்லிமீற்றர் வரையாகும். புகைவால்வுக்குப் பெரும்பாலும் சற்றுக் கூடுதலாக இருக்கும்.

தளர்ந்த சுருள்வில்லுக்குப் பதிலாக அதே வகையான வில்லையே பூட்டுக. வலுக்கூடிய வில் கேமைத் தேய்க்கும். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரை மாற்றியமைத்தலாகாது. எண்ணெயின் மட்டத்தை நாள்தோறும் பார்த்துக்கொள்க.

கமக்காரர்களே, பயிர் நீரின்றி வாடும் வேளையில் எஞ்சினைப் பிரிப்பதினும், விதைப்புக்கு முன்னரே இச்சோதனையைச் செய்துகொள்ளுதல் நன்று.