லேத் டூல் முனையும் நம் கடை மெஷினும்

அடி அண்ணாமலையில் கடை வைத்திருக்கும் வணிகப் பெருமக்களுக்குப் பௌர்ணமியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. 14 கிலோ மீட்டர் கிரிவலப் பாதையில் விடிய விடிய மக்கள் நடக்கிறார்கள். அன்றைக்கென்று பார்த்துக் கரும்புச் சாறு மெஷினின் உருளைத் தண்டோ, மாவு மில்லின் ஷாஃப்ட்டோ தகராறு செய்தால் அந்த மாதத்து வரும்படியில் பெரும் பகுதி போயிற்று. தண்டைக் கழற்றிக்கொண்டு டவுனில் உள்ள லேத் பட்டறைக்கு ஓடுகிறோம். டர்னர் கடைந்து கொடுக்கிறார். மாட்டுகிறோம். சில மாதங்களில் மறுபடியும் ஆட்டம் கொடுக்கிறது. இரும்பு சரியில்லை என்று இரும்புக் கடைக்காரர் தலையில் பழியைப் போட்டுவிடுகிறோம். பாவம், அவரும் ஒரு வியாபாரிதான்!

பல சமயம் கோளாறு கடைந்த டூலின் முனையில் இருக்கிறது. மழுங்கிய டூல் இரும்பைச் சீவாமல் பிய்த்து எடுக்கும். தண்டின் மேல் நுண்ணிய மேடு பள்ளங்கள் நின்றுவிடும். அளக்கும் கருவி மேட்டின் மேல் உட்கார்ந்து, அளவு சரி என்று காட்டும். பேரிங்கை ஏற்றியதும் மேடுகள் நசுங்கிப் பிடிப்பு தளரும். படியில் லேசாக அள்ளிப் போட்ட பயறு, படியைத் தட்டியதும் இறங்குகிறதே, அதே கதைதான். புஷ்ஷில் ஓடும் தண்டாக இருந்தால் அந்த மேடுகளே அரம் போல் புஷ்ஷைத் தின்னும்.

டூல் என்பது விரல் நீளமுள்ள எஃகுத் துண்டு. ஹை ஸ்பீடு ஸ்டீல் என்ற இந்த எஃகை அமெரிக்காவின் பெத்லஹேம் ஆலையில் டெய்லர், ஒயிட் என்ற இருவர் உருவாக்கினர். 1900ல் பாரிஸ் பொருட்காட்சியில் அது கடையும் வேகத்தைக் கண்டு உலகமே வியந்தது. சாதாரண டூல் எஃகு 250 டிகிரி சூட்டிலேயே பதம் இழக்கும். இதுவோ 600 டிகிரி வரை தாங்கும். கடையில் வாங்கும்போது வெறும் சதுரக் கட்டையாகத்தான் இருக்கும். முனையைச் சாணை பிடித்து உருவாக்குவது டர்னரின் கைவேலை.

அந்தக் கைவேலையில்தான் சூட்சுமம். முன்புறமும் பக்கவாட்டிலும் சுமார் 8 டிகிரி உள்வாங்கி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முனைக்குப் பதில் டூலின் அடிப்பாகம் தண்டில் உரசும். சாதாரண இரும்புக்கு மேல் முகத்தில் 12 டிகிரி அளவில் சரிவு வேண்டும். பித்தளை, கன்மெட்டல் புஷ்ஷுக்கு அந்தச் சரிவே கூடாது. இருந்தால் டூல் உலோகத்துக்குள் வாரி இழுத்துக்கொண்டு போகும். இரும்புத் தண்டைக் கடைந்த டூலை அப்படியே புஷ்ஷுக்கும் வைத்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை, முனையில் கார்பைடு வில்லை பற்ற வைத்த டூல். 1920களில் ஜெர்மனியின் குருப் நிறுவனம் 'வைரம் போல' என்ற பொருள்பட விடியா எனப் பெயரிட்டு இதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இதற்குச் சாணைக் கல்லே வேறு. ஹை ஸ்பீடு ஸ்டீலுக்கு வெள்ளைக் கல், கார்பைடுக்குப் பச்சைக் கல். முன்னதை அடிக்கடி தண்ணீரில் நனைத்துச் சாணை பிடிக்கலாம். பின்னதைச் சூட்டோடு நனைத்தால் வில்லை விரிசல் விடும். பெரிய ஆலைகளில் இப்போது முனையைக் கழற்றி மாட்டுகிறார்கள், சாணையே இல்லை. ஆனால் ஒற்றைத் தண்டு பழுது பார்க்கும் நம்மூர்ப் பட்டறைக்குக் கைச்சாணைதான் கட்டுப்படியாகும்.

ஹார்டுவேர் கடை வைத்திருப்போர் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். முருகப்பா குழுமம் அமெரிக்க, பிரிட்டிஷ் நிறுவனங்களோடு கூட்டுச் சேர்ந்து 1954ல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் போன்றவற்றின் கற்கள் நம் மாநிலத்திலேயே தயாராகின்றன. கல்லின் மேல் ஒட்டிய காகிதத்தில் வகை, பருமை, அதிகபட்சச் சுற்று எல்லாம் அச்சிட்டிருக்கும். அந்தச் சுற்று, வாங்குபவரின் மெஷின் வேகத்துக்குக் குறையாமல் இருக்கிறதா என்று கேட்டே கொடுங்கள். 6 அங்குலக் கல் நிமிடத்துக்கு 2850 சுற்று சுற்றினால் அதன் விளிம்பு மணிக்கு 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. விரிசல் கண்ட கல் அந்த வேகத்தில் சிதறினால் கண்ணோ, அதற்கு மேலோ போகும்.

விரிசலைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி உண்டு. பானையைத் தட்டிப் பார்த்து வாங்குவதுபோல், கல்லைத் துளையில் விரல் விட்டுத் தொங்கவிட்டு மரப்பிடியால் மெல்லத் தட்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல கல். தொப்பென்று ஒலித்தால் ஒதுக்கிவிடுங்கள், தள்ளுபடி விலைக்குக்கூடத் தராதீர்கள். கேட்பவரிடம் கண்ணாடியும் சேர்த்து விற்றால் நமக்கும் இரண்டு காசு, அவருக்கும் பாதுகாப்பு.

இதற்கும் காலாவதி உண்டா என்று மளிகைக்கார அன்பர் கேட்கலாம். இரும்பு அறுக்கும் மெல்லிய வட்டுகளுக்கு உண்டு. பிசினால் பிணைக்கப்பட்டவை என்பதால் நடுவிலுள்ள தகர வளையத்தில் காலக்கெடுவை அச்சிட்டிருப்பார்கள். சூளையில் சுட்ட சாணைக் கல்லுக்கு அப்படிக் கெடு இல்லை; ஈரம் படாத அலமாரியில், கல்லுக்கும் கல்லுக்கும் இடையே அட்டை வைத்து அடுக்கினால் போதும்.