டிரம்மின் வாயில் ஒரு கண்ணாடிக் குப்பி

நூறு மில்லி சர்க்கரைப்பாகு எத்தனை கிராம் இருக்கும்? நூறு கிராம் என்றுதான் சட்டென்று சொல்லத் தோன்றும். அமெரிக்க மருந்து நூல் சொல்லும் முறைப்படி செய்த பாகாக இருந்தால் 131.3 கிராம் இருக்கும். அதில் 85 கிராம் சர்க்கரை, மிச்சம் 46.3 கிராம் தண்ணீர். தண்ணீருக்குக் கிராமும் மில்லியும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதால், 85 கிராம் சர்க்கரை கரைந்து பிடித்துக்கொண்ட இடம் வெறும் 54 மில்லி. இந்தப் பாகில் சர்க்கரை எத்தனை சதவீதம் என்று கேட்டால் 85 என்றும் சொல்லலாம், 65 என்றும் சொல்லலாம். முதலாவது நூறு மில்லியில் எத்தனை கிராம் என்ற கணக்கு, இரண்டாவது நூறு கிராமில் எத்தனை கிராம் என்ற கணக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போக வேண்டுமானால் அடர்த்தி தெரிந்திருக்க வேண்டும்.

ஃபார்மசி படிப்பவர்களுக்கு இது தொடக்கப் பாடம். தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக வரும், எழுதிவிட்டு மறந்துவிடுவார்கள். திருமுல்லைவாயில், அம்பத்தூர், ஆவடி என்று எங்கள் பக்கத்தில் சி.டி.எச். சாலை நெடுகிலும் மருந்துக் கடைகள். எந்தக் கடையில் நின்று பார்த்தாலும் இருமல் மருந்துப் பாட்டிலின் லேபிளில் இந்தச் சதவீதங்களும், ஐந்து மில்லிக்கு இத்தனை மில்லிகிராம் என்ற வரியும் இருக்கும். வாங்குகிறவர் பார்ப்பது காலாவதித் தேதியையும் விலையையும்தான். அதில் தவறொன்றுமில்லை. அந்த எண்களுக்குப் பொறுப்பேற்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

2025 அக்டோபரில் அப்படி ஒரு எண் நாடு முழுக்கப் பேசப்பட்டது: 48.6 சதவீதம். ஆவடியிலிருந்து பூந்தமல்லி வழியாக பெங்களூரு நெடுஞ்சாலையைப் பிடித்து, ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டினால் சுங்குவார்சத்திரம். அங்கே ஸ்ரேசன் பார்மா நிறுவனம் தயாரித்த ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில், பெரும்பாலும் சிந்த்வாரா பகுதியில், இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துபோனார்கள். மே மாதம் தயாரான எஸ்.ஆர்.-13 என்ற தொகுதியைத் தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்தது. பிரேக் ஆயிலுக்கும் பெயின்டுக்கும் பிசினுக்கும் பயன்படும் தொழிற்சாலைக் கரைப்பான் அது. அனுமதிக்கப்பட்ட எல்லை 0.1 சதவீதம்.

செய்திகளில் 48.6 என்று படித்தவர்கள் பாதிப் பாட்டில் விஷம் என்று புரிந்துகொண்டார்கள். கிட்டத்தட்ட சரிதான். ஆனால் ஆய்வறிக்கை சொன்ன சதவீதம் நூறு மில்லிக்கு இத்தனை கிராம் என்ற வகை. டைஎத்திலீன் கிளைகாலின் அடர்த்தி மில்லிக்கு 1.118 கிராம். 48.6-ஐ அதனால் வகுத்தால் 43.5 மில்லி வரும். கொஞ்சம் குறைகிறது என்று ஆறுதல்பட வேண்டாம். இதே கணக்கை ஒரு குழந்தையின் உடம்புக்குப் போட்டுப் பார்த்தால்தான் அந்த எண்ணின் கொடுமை புரியும்.

ஐந்து மில்லி மருந்தில் 2.43 கிராம் டைஎத்திலீன் கிளைகால். 1.118-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.2 மில்லி. 1995-96-இல் ஹெய்ட்டி நாட்டில் இதே விஷம் கலந்த பாராசிட்டமால் மருந்தால் ஏராளமான குழந்தைகள் இறந்தார்கள். பாதிக்கப்பட்ட பிள்ளைகள் எவ்வளவு குடித்திருப்பார்கள் என்று மருத்துவர்கள் பின்னால் மதிப்பிட்டார்கள். நடுமதிப்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.34 மில்லி. ஆகக் குறைந்தது 0.22 மில்லி. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு அந்தக் குறைந்த அளவு 2.2 மில்லி. அதாவது, கோல்ட்ரிஃப் மருந்தில் ஐந்து மில்லி, ஒரே ஒரு வேளை. நடுமதிப்பை எடுத்துக்கொண்டால் 13.4 மில்லி, எடையில் 15 கிராம். அது 31 மில்லி மருந்தில் இருக்கும். வேளைக்கு ஐந்து மில்லி வீதம் நாளுக்கு மூன்று வேளை என்றால் இரண்டே நாள். சளிக்கு வாங்கிய மருந்தை எந்தத் தாயும் இரண்டு நாளாவது கொடுத்துப் பார்க்கத்தான் செய்வாள்.

உள்ளே போன டைஎத்திலீன் கிளைகாலை கல்லீரல் வேறு அமிலங்களாக மாற்றுகிறது. அவற்றில் டைகிளைகாலிக் அமிலம் சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்களைக் கொன்றுவிடுகிறது. முதலில் வாந்தி, பிறகு சிறுநீர் நின்றுபோகிறது.

டைஎத்திலீன் கிளைகால் எப்படி மருந்துக்குள் வருகிறது? இத்தகைய மருந்துகளில் சேரும் பாராசிட்டமால் தண்ணீரில் எளிதில் கரையாது. அதைக் கரைக்கப் புரொப்பிலீன் கிளைகாலோ கிளிசரினோ சேர்க்க வேண்டும். மருந்துத் தரமுள்ள இந்தத் திரவங்கள் விலை கூடியவை. அவற்றின் டிரம்மில் புகுந்துவிடும் மலிவான டைஎத்திலீன் கிளைகாலும் அவற்றைப் போலவே நிறமற்றது, பிசுபிசுப்பானது, நாக்கில் இனிப்பது. கண்ணாலும் மூக்காலும் பிரித்தறிய முடியாது. அடர்த்தியால் முடியும். தண்ணீரை 1 என்று வைத்தால் புரொப்பிலீன் கிளைகாலின் ஒப்படர்த்தி 1.036, டைஎத்திலீன் கிளைகாலுக்கு 1.118, கிளிசரினுக்கு 1.26. மூன்றும் தள்ளித் தள்ளி நிற்கின்றன.

இதை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒப்படர்த்திக் குப்பி என்று 25 மில்லி கண்ணாடிக் குப்பி ஒன்று உண்டு. மூடியின் நடுவில் மயிரிழைத் துளை. நிரப்பி மூடினால் கூடுதல் திரவம் துளை வழியாக வெளியேறிவிடும். ஒவ்வொரு முறையும் உள்ளே நிற்பது ஒரே கொள்ளளவுதான். வெற்றுக் குப்பி 22.46 கிராம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரோடு 47.38. ஆக, தண்ணீர் 24.92 கிராம். துடைத்து உலர்த்திவிட்டுப் புரொப்பிலீன் கிளைகாலை நிரப்பினால் 48.28 காட்ட வேண்டும். 25.82-ஐ 24.92-ஆல் வகுத்தால் 1.036. அமெரிக்க மருந்து நூல் இதற்குத் தரும் எல்லை 1.035 முதல் 1.037 வரை. அந்தத் திரவத்தில் பத்தில் ஒரு பங்கு டைஎத்திலீன் கிளைகால் கலந்திருந்தால் 1.044 வரும். தராசில் 0.2 கிராம் வித்தியாசம். ஆய்வகத் தராசுக்கு அது மலையளவு. பாதிக்குப் பாதி கலந்த டிரம் என்றால் குப்பியில் ஒரு கிராமே கூடும்.

இந்தச் சோதனைக்குச் சென்னை வெயில் ஓர் எதிரி. சூடேறினால் திரவம் விரியும், அடர்த்தி குறையும். புரொப்பிலீன் கிளைகாலுக்கு ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 0.00075 குறைகிறது. குளிரூட்டிய அறையில் 25 டிகிரியில் தண்ணீர் எடையைக் குறித்து வைத்துக்கொண்டு, மே மாதத்து மதியத்தில் 36 டிகிரி சூட்டில் டிரம்மிலிருந்து எடுத்ததை அப்படியே நிறுத்தால், 0.008 குறைவாகக் காட்டும். பத்தில் ஒரு பங்கு கலப்படம் கூட்டியதும் அதே 0.008. ஒன்றுக்கு ஒன்று சரியாகி, கலப்படச் சரக்கு 1.036 என்று நல்ல பிள்ளையாக நிற்கும். மருந்து நூல்கள் வெப்பநிலையை எண்ணோடு சேர்த்தே அச்சிடுவது இதனால்தான். குப்பியை நீர்த்தொட்டியில் வைத்து 25 டிகிரிக்குக் கொண்டுவந்த பிறகே எடை போட வேண்டும். அந்தக் காத்திருப்பை நேர விரயம் என்று நினைக்கிற மேற்பார்வையாளரிடம் இந்தக் கணக்கை எழுதிக் காட்டலாம்.

குப்பியின் எல்லையையும் சொல்லியாக வேண்டும். 0.1 சதவீதக் கலப்படத்துக்கு எடை வித்தியாசம் 2 மில்லிகிராம். குப்பியின் வெளிப்புறத்தில் ஒட்டிய ஈரம்கூட அதைவிடக் கனக்கும். தவிர, தெரிந்தே ஏமாற்றுகிறவன் டைஎத்திலீன் கிளைகாலில் தண்ணீரைக் கலந்து 1.036-க்கு இறக்கிவிட முடியும். சார்பிட்டால் பாகோடு சேர்த்து 1.26-க்கு ஏற்றி, கிளிசரின் என்று விற்கவும் முடியும். ஒப்படர்த்தி தவறினால் டிரம்மைத் திருப்பி அனுப்பலாம். சரியாக வந்தது என்பதற்காக ஏற்றுக்கொள்ள முடியாது. அதற்குக் கேஸ் குரோமட்டோகிராபிதான் வழி. திரவத்தை ஆவியாக்கி நீண்ட நுண்குழாய் வழியே செலுத்தினால் ஒவ்வொரு பொருளும் தனக்குரிய நேரத்தில் வெளியே வரும். எது எவ்வளவு என்று தனித்தனியாகத் தெரியும்.

டைஎத்திலீன் கிளைகால் கொல்லும் என்பது புதிய அறிவும் இல்லை. 1937-இல் அமெரிக்காவில் சல்ஃபனிலமைடு மருந்தை டைஎத்திலீன் கிளைகாலில் கரைத்து விற்றதில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அங்கே மருந்துச் சட்டம் மாறியது. நம் சென்னையிலேயே 1972-இல் ஒரு டஜனுக்கும் மேற்பட்ட குழந்தைகள். 1986-இல் மும்பை ஜே.ஜே. மருத்துவமனை, 1998-இல் குர்கான், 2020-இல் ஜம்முவின் ராம்நகர், 2022-இல் நம் நாட்டு மருந்து போய்ச் சேர்ந்த காம்பியா. அத்தனை இடத்திலும் டைஎத்திலீன் கிளைகால்தான். இவ்வளவுக்குப் பிறகும் மூலப்பொருளைச் சோதிக்காமல் கலவைத் தொட்டியில் ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நினைத்தால் மனம் ஆறவில்லை. கோல்ட்ரிஃப் ஆலையில் ஆய்வு செய்த அதிகாரிகள் 39 மிகக் கடுமையான விதிமீறல்களையும் 325 பெரிய விதிமீறல்களையும் பட்டியலிட்டார்கள். மருந்துத் தரமில்லாத புரொப்பிலீன் கிளைகாலைப் பயன்படுத்தியது அவற்றில் ஒன்று. 2025 அக்டோபரில் அந்த ஆலையின் உரிமம் ரத்தானது.

அதே மாதம் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு, மூலப்பொருளையும் தயாரித்த மருந்தையும் ஒவ்வொரு தொகுதியிலும் சோதிப்பதை உறுதிசெய்யும்படி மாநிலங்களுக்கு எழுதியது. விதி ஏற்கெனவே இருந்தது. அம்பத்தூர், திருமுல்லைவாயில் தொழிற்பேட்டைகளில் இருப்பதைப் போன்ற சிறிய ஆலைகள் மருந்து செய்ய வந்தால், கேஸ் குரோமட்டோகிராபி கருவி வாங்கக் கட்டுப்படியாகாது என்பார்கள். நியாயம்தான். ஆனால் உரிமம் பெற்ற சோதனைக்கூடங்களுக்கு மாதிரி அனுப்பலாம், முடிவு வரும்வரை டிரம்மைத் தனியாகப் பூட்டி வைக்கலாம். ஒப்படர்த்திக் குப்பியும் தராசும் வெப்பமானியும் இல்லாத ஆலைக்கு மருந்து செய்ய என்ன தகுதி இருக்கிறது?

நேரமும் ஒரு சாக்காகச் சொல்லப்படுகிறது. மத்தியப் பிரதேசத்திலிருந்து தகவல் வந்ததும் தமிழ்நாட்டு அதிகாரிகள் மாதிரி எடுத்து, 48.6 என்ற முடிவைச் சொல்ல இரண்டு நாள்கூட ஆகவில்லை. எஸ்.ஆர்.-13 தயாரானது மே மாதம்.