பனையை வச்சவனும் ஸ்ப்ரூஸ் வச்சவனும்

"தென்னையை வச்சவன் தின்னுட்டுச் சாவான், பனையை வச்சவன் பார்த்துட்டுச் சாவான்" என்று நம்ம ஊரில் சொல்வார்கள். ஸ்வீடனில் காடு வளர்ப்பவர்கள் இரண்டாவது வகை. இன்று நடுகிற ஸ்ப்ரூஸ் கன்று வெட்டுக்கு வர தெற்கே 60, 70 ஆண்டுகள் ஆகும். குளிர் கூடிய வடக்கே 100 ஆண்டுகூட ஆகலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திட்டம் போடும் எங்களைப் போன்ற மென்பொருள்காரர்களுக்கு இதைக் கேட்டாலே தலை சுற்றும்.

ஸ்வீடனின் நிலப்பரப்பில் சுமார் 70 சதவீதம் காடு. ரயிலில் போகும்போது பார்த்தால் எல்லாம் தானாக வளர்ந்தது போலத்தான் தெரியும். ஆனால் பெரும்பகுதி மனிதர்கள் பராமரித்து வளர்ப்பது. 19ஆம் நூற்றாண்டில் மர ஆலைகளுக்காக இஷ்டத்துக்கு வெட்டித் தள்ளினார்கள். அதனால்தான், வெட்டினால் மறுபடி வளர்த்தே ஆகவேண்டும் என்று 1903லேயே சட்டம் வந்தது. மர உற்பத்திக்குச் சமமான இடம் இயற்கைப் பாதுகாப்புக்கும் உண்டு என்றது 1993ஆம் ஆண்டுச் சட்டம். காட்டில் ஏறக்குறைய பாதி தனிப்பட்ட குடும்பங்களுக்குச் சொந்தம். தாத்தா நட்டதைப் பேரன் வெட்டுவதுதான் அங்கே வழக்கம்.

வேலை சும்மா இல்லை. வெட்டிய நிலத்தில் மண்ணைக் கீறிவிட்டு, குழாய் மாதிரியான கருவி வழியாகக் கன்றுகளை இறக்குவார்கள். குனியாமலே நடலாம். பழகிய கை ஒரே நாளில் இரண்டாயிரம் கன்றுகூட நடும். இளங்கன்றின் பட்டையைக் கடித்துக் கொல்லும் வண்டு ஒன்று இருக்கிறது. அதைத் தடுக்கத் தண்டில் மெழுகோ மணலோ பூசுவார்கள். சில ஆண்டுகள் கழித்து நெருக்கமாக வளர்ந்ததைக் கழிக்கவேண்டும். பிறகு பெரிய மரங்களையும் இடைவெளி விட்டு எடுக்கவேண்டும். எது நிற்கவேண்டும், எது போகவேண்டும் என்று பார்த்துச் சொல்வதுதான் வனக்காரரின் திறமை.

அந்த முடிவு தப்பினால் என்ன ஆகும் என்பதை 2005 ஜனவரியில் வந்த குட்ரூன் புயல் காட்டியது. ஒரே இரவில் தெற்கு ஸ்வீடனில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரம் சாய்ந்தது. அது நாடு முழுவதும் ஓராண்டில் வெட்டும் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். சாய்ந்ததில் பெரும்பாலானவை ஸ்ப்ரூஸ். அதன் வேர் ஆழமாக இறங்காது. அன்று மண்ணும் உறையாமல் ஈரமாக இருந்தது. ஒன்றன்மேல் ஒன்று விழுந்து வளைந்து நிற்கும் மரத்தை அறுத்தால் சாட்டை போல அடிக்கும். அதை அப்புறப்படுத்தும் வேலையிலும் பலர் இறந்தார்கள்.

அடுத்த அடி 2018இல். அந்தக் கோடையில் மழையே இல்லை. தாகத்தில் தவித்த ஸ்ப்ரூஸ் மரங்களைப் பட்டை வண்டு பிடித்துக்கொண்டது. ஆரோக்கியமான மரம் பிசின் விட்டு வண்டை விரட்டும், காய்ந்த மரத்தால் முடியாது. அடிமரத்தில் காப்பித்தூள் போலப் பழுப்புத் தூள் தெரிகிறதா என்று ஒவ்வொரு மரமாகப் பார்த்து நடப்பதே பலருக்குக் கோடை வேலையாகிப் போனது. குஞ்சு வண்டுகள் பறப்பதற்குள் அந்த மரத்தை எடுத்தாகவேண்டும்.

அப்படியானால் வேறு மரம் நடவேண்டியதுதானே? பைன், பிர்ச் கலந்து நட்டால் நல்லது என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் பைன் கன்றின் குருத்து மூஸ் என்கிற பெரிய மானுக்குப் பிடித்த தீனி. நட்டதெல்லாம் அதன் வயிற்றுக்குப் போனால் என்ன செய்வது என்று, பைனுக்கு ஏற்ற காய்ந்த மண்ணிலும் பலர் ஸ்ப்ரூஸையே வைத்தார்கள். ஒரு தலைமுறையின் பயம் அடுத்த தலைமுறைக்கு ஆபத்தாக வந்து நிற்கிறது. 80 ஆண்டுக்குப் பிறகு வெயில் எவ்வளவு, மழை எவ்வளவு என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாத நிலையில் இன்றைக்கே கன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ஒரே மரத்தை நம்பாமல் கலந்து வைப்பதுதான் கையில் இருக்கும் காப்பீடு.

யாருடைய காடாக இருந்தாலும் நடக்கலாம், புளுபெர்ரி பறிக்கலாம் என்ற பொது உரிமை ஸ்வீடனில் எல்லோருக்கும் உண்டு. பிள்ளைகளோடு போகும்போது, வெட்டிய இடத்தில் ஆளுயரத்துக்கு மேல் வேண்டுமென்றே விட்ட மொட்டை மரத்தைக் காட்டுங்கள். அது மறதியால் விட்டதில்லை. பூச்சிகளுக்கும் மரங்கொத்திக்கும் விட்ட பங்கு. பக்கத்தில் முழங்கால் உயரத்தில் நிற்கிற கன்றையும் காட்டுங்கள். அது வெட்டுக்கு வரும்போது உங்கள் பிள்ளைக்குப் பேரன் பேத்தி இருப்பார்கள்.