நெய்வேலியின் மண்மலைகள்

கடலூர் மாவட்டத்தின் பெரும்பகுதி சமவெளி. நெய்வேலியை நெருங்கும்போது மட்டும், முந்திரித் தோப்புகளுக்கு மேலே உச்சி தட்டையான நீண்ட குன்றுகள் அடிவானத்தை மறித்து நிற்கும். பழுப்பு நிலக்கரியை எடுக்க அகற்றிய மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடுகள் அவை. நெய்வேலி நகரியத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளுக்குக் கண்ணுக்கெட்டும் தொலைவில் உள்ள மலைகள் இவைதான்.

1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் வெளிப்பட்டது. அங்கிருந்து தொடங்கிய ஆய்வுகள் 1956இல் சுரங்க நிறுவனமாக உருப்பெற்றன. 1957 மே 20 அன்று நேரு முதல் சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். கரிப்படலம் கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில். இடைப்பட்ட நான்கு ஆண்டுகளும் வெட்டியது மண்ணை மட்டுமே. திருப்பி நிரப்பக் குழிக்குள் இடமில்லாத அந்தக் காலத்தில் மண் முழுவதும் வெளியே குவிந்தது. நெய்வேலியின் முதல் மலைகள் அப்படிப் பிறந்தவை.

மலை வளரும் முறை எளிது. சக்கரத்தைச் சுற்றி வாளிகள் பொருத்திய ராட்சத எந்திரம், பக்கெட் வீல், மண்ணைப் படிப்படியாக வெட்டுகிறது. கன்வேயர் பட்டை அதைச் சுமந்து செல்கிறது. மறுமுனையில் நிற்கும் ஸ்பிரெடர் நீண்ட கையை நீட்டி மண்ணை வரிசையாகக் கொட்டுகிறது. ஒரு டன் கரிக்கு ஐந்து கன மீட்டருக்கும் மேல் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. தட்டுத் தட்டாகக் கொட்டுவதால்தான் இந்த மலைகளின் பக்கங்கள் படிக்கட்டுபோல் தெரிகின்றன.

கரிக்கு மேலே செம்மண், களிமண், கடலூர் மணற்கல் என்று பல அடுக்குகள் உள்ளன. கோடி ஆண்டுக் கணக்கில் புதைந்திருந்த அந்த மண் வெயிலுக்கு வரும்போது சிவப்பு, மஞ்சள், வெள்ளை, சாம்பல் நிறங்கள் ஒரே சரிவில் கலந்துவிடுகின்றன. ஐப்பசி, கார்த்திகை மழை சரிவை அறுத்து ஓடைகளையும் கூர்முகடுகளையும் செதுக்குகிறது. சில பருவங்களிலேயே புது மேடு பழைய மலையின் சாயலைப் பெறுகிறது. மண் நிலைப்பட்ட பழைய மேடுகளில் புல்லும் புதரும் பிடிக்கின்றன. நட்டு வளர்த்த மரங்கள் காடாகின்றன. பச்சையின் அளவைப் பார்த்தே ஒரு மேட்டின் வயதை ஓரளவு கணிக்கலாம்.

இந்த மலைகளைப் படமெடுக்க விரும்புவோருக்கு உச்சி வெயில் உதவாது. அப்போது சரிவு முழுவதும் ஒரே வெளிறிய பரப்பாகத் தெரியும். சூரியன் உதித்த முதல் ஒரு மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் நல்லவை. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது மழை அறுத்த ஒவ்வொரு கோடும் நிழல் பெற்று எழுந்து நிற்கும். மழை ஓய்ந்த மறுநாள் தூசி அடங்கி நிறங்கள் அடர்ந்திருக்கும். மார்கழி விடியலில் பனிமூட்டத்துக்கு மேலே முகடு மட்டும் மிதக்கும்.

அகலக் கோணத்தில் எடுத்தால் மலை சிறுத்துப்போகும். தொலைவில் நின்று ஜூம் செய்து எடுத்தால், முன்னால் உள்ள பனைமரமும் பின்னால் உள்ள முகடும் நெருங்கி வந்து உயரம் புலப்படும். அளவை உணர்த்த மரமோ ஆளோ எந்திரமோ படச்சட்டத்துக்குள் இருக்க வேண்டும். கேமராவின் வெண் சமநிலையைத் தானியங்கியில் விட்டால் செம்மண்ணின் சூடு குறைந்துவிடலாம். பகல் ஒளிக்கென்று உள்ள அமைப்பே செம்மண்ணுக்கு ஏற்றது.

சுரங்கத்துக்குள்ளும் வேலை நடக்கும் மேடுகளுக்கும் போக நிறுவனத்தின் அனுமதி தேவை. புதிதாகக் கொட்டிய மண் மழையில் சரியும். அதன் விளிம்பில் நிற்பது உயிருக்கு ஆபத்து. பொதுச் சாலையிலிருந்தே நல்ல படங்கள் கிடைக்கும்.

நெய்வேலிக்கு மேற்கே உள்ள விருத்தாசலத்துக்குத் திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் பெயர். அங்கே மலை என்று சொல்ல எதுவும் கண்ணில் படாது. சிவனே மலையாக நின்று பூமிக்குள் அடங்கியதாகத் தலபுராணம் சொல்கிறது. அடங்கிய மலைக்குப் பெயர் பெற்ற ஊருக்குப் பக்கத்தில், பூமிக்குள்ளிருந்து வெளியே வந்த மலைகள் நெய்வேலியில் நிற்கின்றன. இவற்றின் உயரம் எங்கோ ஒரு பள்ளத்தின் ஆழம். அந்தப் பள்ளம் ஒருகாலத்தில் வயலாக, தோப்பாக, குடியிருந்த ஊராக இருந்தது. மலையோடு சுரங்கத்தின் விளிம்பும் ஒரே சட்டத்தில் அமைந்த படம்தான் இந்த மண்ணின் கதையை முழுதாகச் சொல்லும். வெட்டி முடித்த பகுதிகளை மண் கொண்டு நிரப்பும் பணியும் தொடர்வதால் இங்கே நிலத்தின் உருவம் ஆண்டுதோறும் மாறுகிறது. ஒரே இடத்தில் நின்று ஒவ்வொரு தை மாதமும் எடுத்துவைக்கும் ஒரு படம், சில ஆண்டுகளில் ஊரின் வரலாற்று ஆவணமாகிவிடும்.